கீறலுக்குக் காசு கொடுப்பது யார்?

செஞ்சி வட்டாரத்து இளைஞர்களுக்கு வேலைவழி காட்டுவதாகச் சொல்லிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். தளவானூர், மண்டகப்பட்டு பக்கத்துப் பிள்ளைகள் ஊரில் உட்கார்ந்திருப்பதை விட்டுவிட்டு, ஹெவி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு கார் கேரியர் ஓட்டப் போக வேண்டும் என்பது அதன் சாரம். கார் என்பது எடையில்லாத சரக்கு, அதனால் ஓட்டுவது சுலபம் என்கிறார் கட்டுரையாளர். மூட்டை சுமக்க வேண்டாம், உடம்பு நோகாது என்கிறார். மாதம் ஐம்பதாயிரம் கையில் நிற்கும் என்கிறார். நாட்டில் 22 லட்சம் டிரைவர்கள் பற்றாக்குறை என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே சொல்லிவிட்டதால் வேலைக்குப் பஞ்சமில்லை என்கிறார். இத்தனை இருந்தும் போகாதவன் சோம்பேறி என்று முடிக்கிறார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் முதலில் சுட்டது. யோசித்துப் பார்த்தால் அதற்கு முன்னால் இருக்கும் நான்கும் அதைவிடக் கேடானவை. சோம்பேறி என்ற வசவைக் கேட்டு ஒருவன் கோபப்படுவான், அதோடு போகும். மற்ற நான்கையும் நம்பி ஒருவன் லைசென்ஸ் எடுப்பான், நகையை வைத்துப் பயிற்சிக்குப் பணம் கட்டுவான், வண்டி ஏறுவான். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து கார் கேரியர் ஓட்டியவன். கட்டுரையாளர் ஒரு தடவையாவது மேல்தட்டில் கார் ஏற்றியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டார்.

முதலில் அந்த எடையில்லாத சரக்கைப் பார்ப்போம். சிமெண்ட் வண்டியில் பாரம் என்றால் டன். கார் கேரியரில் பாரம் என்றால் பணம். பன்னிரண்டு லட்சம் விலையுள்ள கார் எட்டு ஏற்றினால் ஒரு கோடியைத் தொடுகிறது. சிமெண்ட் மூட்டை ஒன்று கிழிந்தால் கிழிந்ததுதான், யாரும் டிரைவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. புதுக் காரின் கதவில் நகக்கோடு அளவுக்கு ஒரு கீறல் விழுந்தால் ஷோரூம்காரர் கையெழுத்துப் போட மாட்டார். எடை குறைந்தால் ஓட்டம் எளிது என்று நினைப்பவர், மேலே நான்கு கார் ஏறிய வண்டி வளைவில் எப்படிச் சாயும் என்று பார்த்தவர் இல்லை. டன் கணக்கில் குறைவாக இருந்தாலும் பாரம் உயரத்தில் நிற்கிறது. ஒவ்வொரு காரும் தன் ஸ்பிரிங்கில் தனியாக ஆடுகிறது. திண்டிவனத்தில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுச் செஞ்சிப் பக்கம் திரும்பி, எதிரே கரும்பு வண்டி வந்து ஒரு வெட்டு வெட்டினால் அந்த ஆட்டம் முழுவதும் ஸ்டியரிங்குக்கு வரும்.

அளவுகளைச் சொல்கிறேன். வாகனம் ஏற்றும் டிரெய்லருக்கு விதிகள் அனுமதிக்கும் உயரம் 4.75 மீட்டர், நீளம் 18.75 மீட்டர். நம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து வரும் கிரெட்டா சுமார் 1.63 மீட்டர் உயரம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நிறுத்தினால் 3.26 மீட்டர் போய்விடும். மிச்சம் ஒன்றரை மீட்டருக்குள் கீழ்த்தட்டின் தரை, அதற்கும் ரோட்டுக்கும் இடையே வேண்டிய உயரம், மேல்தட்டின் இரும்பு, கீழ்க் காரின் கூரைக்கும் மேல்தட்டுக்கும் நடுவே இருக்கவேண்டிய சந்து எல்லாம் அடங்க வேண்டும். சான்ட்ரோ ஓடிய காலத்தில் இருந்த தாராளம் இப்போது இல்லை. ஜனங்கள் உயரமான வண்டிகளுக்கு மாறிவிட்டார்கள், டிரெய்லரின் உயரம் அதற்காக வளரவில்லை. அதனால் கீழ்த்தட்டு ரோட்டை ஒட்டியே ஓடும். ஊருக்கு ஊர் அவரவர் இஷ்டத்துக்குப் போட்டு வைத்திருக்கும் வேகத்தடையில் அடி தட்டும். மேல்தட்டுக்குத் தொங்கும் மின்கம்பியும் புளியமரக் கிளையும் எமன்.

ரயில்வே கேட்டைப் பற்றிக் கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனால் வேலைக்குப் போகிற பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மின்மயமான பாதையில் கேட்டுக்கு இருபுறமும் நிறுத்தியிருக்கும் உயரத் தடுப்புக்கு அடியில் கிடைக்கும் இடைவெளி 4.67 மீட்டர். சட்டம் அனுமதித்த முழு உயரத்தில் ஏற்றிய கேரியர் அந்தத் தடுப்பில் எட்டு சென்டிமீட்டர் இடிக்கும். விழுப்புரம்–திருவண்ணாமலை–காட்பாடி பாதை மின்மயமாகிவிட்டது. அந்தப் பாதையைக் கேட்டு வழியாகக் கடக்கும் கிளைச்சாலை எதிலும் கூகுள் காட்டும் குறுக்குவழியை நம்பிப் போனால் பின்னாலேதான் வர வேண்டும். பதினெட்டு மீட்டர் வண்டியை இரவில், தனியாளாக, ஒற்றை ரோட்டில் பின்னால் எடுப்பதை எந்த லைசென்ஸ் தேர்விலும் கேட்பதில்லை.

லைசென்ஸ் எடுத்தால் போதும் என்று கட்டுரை சொல்கிறது. சட்டப்படி எடுக்க என்ன வேண்டும் என்பதைக்கூட அது முழுதாகச் சொல்லவில்லை. போக்குவரத்து வாகன லைசென்ஸுக்கு வயது 20 ஆகியிருக்க வேண்டும். இலகு ரக லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் கழிந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2019இல் எடுத்துவிட்டார்கள். படிக்காத பிள்ளைகளுக்கும் வழி திறந்தது என்று கட்டுரையாளர் மகிழ்கிறார். படிக்காத டிரைவர் கெட்டிக்காரராக இருக்கலாம், பலர் இருக்கிறார்கள். இந்த வேலையில் அவர் கையெழுத்துப் போடுகிற தாள் எவ்வளவு என்பதையும் கூடவே சொல்லியிருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சி மையமும் நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையமும் கனரக வண்டி பழக நல்ல இடங்கள். ஆனால் ஆர்.டி.ஓ. முன்னால் எட்டுப் போட்டுக் காட்டுகிறவன் யாரும் மேல்தட்டில் ஒரு காரை ஏற்றிக் காட்டுவதில்லை. அந்தத் தொழிலை யார்டில், அடுத்தவன் வாயிலிருந்து வசவு வாங்கித்தான் கற்கிறான்.

உடம்பு நோகாது என்ற வாதத்துக்கு வருவோம். யார்டில் காரை எடுத்துச் சாய்தளத்தில் ஏற்ற வேண்டும். இரண்டு பக்கமும் கைப்பிடி அகலம். மழை பெய்திருந்தால் இரும்புத் தகடு வழுக்கும். உள்ளே நிறுத்தியபிறகு கதவை முழுக்கத் திறக்க இடம் கிடையாது, உடம்பை ஒடுக்கி நெளிந்து வெளியே வர வேண்டும். பெல்ட்டில் ஒரு கொக்கி, சட்டையில் ஒரு பித்தான் போதும், கதவில் கோடு விழ. பிறகு குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, பெல்ட் போட்டு இறுக்க வேண்டும். எட்டுக் காருக்கு எட்டு தரம். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, தளர்ந்த பெல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். மேல்தட்டில் நிற்பவனுக்கும் தரைக்கும் நடுவே ஒரு மாடி உயரம் இருக்கிறது, பிடித்துக்கொள்ளக் கம்பி பல வண்டிகளில் இல்லை. முழங்காலும் தோள்பட்டையும் போன டிரைவர்களை எனக்குத் தெரியும். வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தவரையும் தெரியும். மூட்டை தூக்காத வேலை என்று இதைச் சொல்பவர் உடம்பு என்பதை முதுகு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இனி என் முக்கியமான கேள்வி. கட்டுரையின் மூன்று பக்கத்திலும் ஒரு வரிகூட இதைத் தொடவில்லை. கீறல் விழுந்தால் யார் காசு கொடுப்பது?

நடைமுறை இப்படித்தான். லோடு எடுக்கும்போது ஒவ்வொரு காரையும் சுற்றிப் பார்த்து, ஏற்கெனவே இருக்கும் பழுதைத் தாளில் குறித்து, டிரைவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழுந்த நொடியிலிருந்து கார் அவர் பொறுப்பு. காகிதத்தில் இது நியாயமாகத் தெரியும். மாசக் கடைசியில் நிலைமை வேறு. அந்த மாதக் கணக்கில் காட்டவேண்டிய வண்டிகளை ஆலை வேகவேகமாக வெளியே தள்ளும். யார்டில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ராத்திரி, மங்கிய விளக்கு, காரின்மேல் தூசி, பின்னால் நிற்பவன் ஹாரன் அடிப்பான், மேற்பார்வையாளர் சீக்கிரம் சீக்கிரம் என்பார். தூசிக்குக் கீழே இருக்கும் கோடு அப்போது தெரியாது. ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, கழுவித் துடைத்து, பகல் வெளிச்சத்தில் ஷோரூம்காரர் பார்க்கும்போது தெளிவாகத் தெரியும். அங்கே போடும் குறிப்பு டிரைவர் கணக்கில் விழும். எனக்கே நடந்திருக்கிறது. பின்பம்பரில் இருந்த வெடிப்பை ஏற்றும் இடத்தில் குறிக்கச் சொன்னேன், நேரமில்லை என்று விரட்டினார்கள். இறக்கும் இடத்தில் அது என் பெயரில் எழுதப்பட்டது. அந்த டிரிப்புப் பணத்தோடு அடுத்த டிரிப்புப் பணமும் போயிற்று.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்தது, அதன் இடத்துக்கு வந்த 2019 ஊதியச் சட்டத்தொகுப்பிலும் இருக்கிறது. தொழிலாளியிடம் ஒப்படைத்த பொருளுக்கு வந்த சேதத்துக்குப் பிடித்தம் செய்யலாம், ஆனால் அந்தச் சேதம் அவருடைய அலட்சியத்தால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். சேதத்தின் மதிப்புக்கு மேல் ஒரு ரூபாய் பிடிக்கக் கூடாது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? வேலைக்குப் போ என்று மூன்று பக்கம் எழுதியவர் இதை மூன்று வரி எழுதியிருந்தால் அதுவே வேலைவழி காட்டியதாக ஆகியிருக்கும். அதைவிட்டு, கார் கேரியர் டிரைவர் அண்ணாச்சி ஒருவர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்கும் படத்தைப் போட்டிருக்கிறார்கள்.

அந்த ஐம்பதாயிரத்தையும் பார்க்க வேண்டும். அது எந்த மாதத்துக் கணக்கு? தீபாவளிக்கு முந்தைய மாதமா? இந்தத் தொழிலில் நிலையான சம்பளம் சின்னது. பெரும்பகுதி டிரிப்புக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வரும் பேட்டா. வண்டி ஓடினால் உண்டு, யார்டில் நின்றால் இல்லை. மாசக் கடைசியில் தூங்க விடாமல் ஓட்டுவார்கள், மறுமாதம் முதல் வாரம் லோடு இல்லாமல் வெயிலில் நிற்க வேண்டும். கேரியர் என்பது காருக்காகவே கட்டிய வண்டி, திரும்பி வரும்போது வெங்காயமோ நெல்லோ ஏற்ற முடியாது. போன இடத்தில் திரும்பு லோடாகக் கார் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும், கிடைக்காவிட்டால் காலியாக வர வேண்டும். காத்திருக்கும் நாளுக்கான சாப்பாடு, குளியல், கழிப்பறைக்குக் கொடுக்கும் காசு எல்லாம் அதே பேட்டாவிலிருந்துதான். டீசல் கணக்கில் லிட்டர் குறைந்தால் அதுவும் அவன் தலையில். இத்தனையும் கழித்தபிறகு மிஞ்சுவதைத்தான் கையில் நிற்பது என்று நம் ஊரில் சொல்வோம். கட்டுரையாளர் சொல்வது வண்டிக்கு வருவது.

பேட்டா என்று பணம் வருவதில் இன்னொரு நஷ்டம் இருக்கிறது, உயிர் போன அன்றைக்குத்தான் அது குடும்பத்துக்குத் தெரியவரும். வேலையில் இறந்த தொழிலாளிக்கு இழப்பீடு கணக்கிடுவது 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் முறை. மாத ஊதியத்தில் பாதியை எடுத்து, வயதுக்கு உரிய எண்ணால் பெருக்குவார்கள். பயணப்படி அந்தச் சட்டத்தின் ஊதியக் கணக்கில் சேராது. 2020இல் நிர்ணயித்தபடி, ஊதியம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுத்துக்கொள்வது அதிகபட்சம் மாதம் 15,000 ரூபாய். சம்பளச் சீட்டில் எட்டாயிரமும் மீதியைப் பேட்டாவாகவும் எழுதியிருந்தால் இறந்தவர் எட்டாயிரம் சம்பாதித்தவர் ஆகிவிடலாம். வண்டியின் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். 2018இலிருந்து கட்டாயமான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு சொந்தமாக வண்டி வைத்து ஓட்டும் உரிமையாளருக்கு. சம்பளத்துக்கு ஓட்டுகிறவனுக்கு அது இல்லை, அவனுக்குத் தனியாக எடுத்திருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வழக்கும் டிரைவருக்குத்தான். அலட்சியத்தால் மரணம் என்றால் பழைய தண்டனைச் சட்டத்தில் இரண்டு வருஷம்வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்து வருஷம்வரை. விபத்துக்குப் பிறகு தகவல் சொல்லாமல் போனால் பத்து வருஷம்வரை என்ற உட்பிரிவை எதிர்த்து அந்த ஆண்டு ஜனவரியில் நாடு முழுக்க லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள், அதனால்தான் அந்த உட்பிரிவு நடைமுறைக்கு வராமல் நிற்கிறது. கேரியரில் பாரம் உயரத்தையோ நீளத்தையோ மீறி நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். ஏற்றச் சொன்னவரும் ஓட்டியவரும் இருவருமே அதில் வருவார்கள். ரோட்டில் அதிகாரி கைகாட்டும்போது அங்கே நிற்பது ஓட்டியவன் மட்டும்தான்.

நேரத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. 1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றும், ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு என்றும் எழுதி அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தியே ஆகவேண்டும், வண்டியில் பொருத்திய கருவி அதைப் பதிவு செய்கிறது. அமெரிக்காவில் பத்து மணி நேர ஓய்வுக்குப் பிறகு அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம், அதையும் கருவி பதிகிறது. அங்கே கார் ஏற்றும் டிரைவர்கள் தனிப் பிரிவாகச் சங்கத்தில் இருந்து, தங்களுக்கென்று தனி ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். ஏனென்றால் அது தனித் தொழில் என்பதை அந்த நாடு ஒப்புக்கொண்டிருக்கிறது. இங்கே? சேவ்லைஃப் அறக்கட்டளை பத்து நகரங்களில் லாரி டிரைவர்களிடம் எடுத்து 2020இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு நாளைக்குச் சராசரியாகப் பன்னிரண்டு மணி நேரம் அளவுக்கு ஓட்டுவதாகச் சொன்னார்கள். தூக்கக் கலக்கத்திலும் ஓட்டுகிறோம் என்றவர்கள் கிட்டத்தட்டப் பாதி. தன் வீட்டுப் பிள்ளைக்கோ உறவுக்கோ இந்த வேலையைச் சொல்ல மாட்டேன் என்றவர்கள் 84 சதவீதம்.

அந்த 84 சதவீதத்தைக் கட்டுரையாளர் படித்திருக்க வேண்டும். பற்றாக்குறை வாதத்துக்கான பதில் அதிலேயே இருக்கிறது. அமைச்சர் சொல்லும் 22 லட்சம் என்ற எண்ணை மறுக்க எனக்கு அவசியமில்லை. ஆள் ஏன் குறைகிறது என்பதுதான் கேள்வி. ஓட்டத் தெரிந்தவர்கள் ஓட்டுவதை விட்டுவிட்டு வருகிறார்கள், தம் பிள்ளைகளை அனுப்ப மறுக்கிறார்கள். ஒரு தொழிலில் ஆள் குறைந்தால் கூலி ஏற வேண்டும், ஓய்வு கூட வேண்டும், சேதப் பிடித்தம் நிற்க வேண்டும். இவை எதுவும் நடக்காமல் பற்றாக்குறை மட்டும் தொடர்கிறது என்றால், புது ஆள் வந்துகொண்டே இருப்பான் என்ற நம்பிக்கையில்தான் முதலாளிகள் இருக்கிறார்கள். அந்தப் புது ஆளைத் தளவானூரிலிருந்து பிடித்துக் கொடுக்கும் வேலையைத்தான் இந்தக் கட்டுரை செய்கிறது. கேபினில் ஏசி வேண்டும் என்ற விதி புதிய கனரக லாரிகளுக்கே 2025இல்தான் வந்தது. சித்திரை வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்து ஓட்டுபவனுக்கு ஒரு குளிர்ச்சி தர இந்த நாட்டுக்கு இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது என்றால் ஆள் எங்கிருந்து வருவான்?

வேலை நிச்சயம் என்பதும் பொய். மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது, 2022இல் கடைசிக் கார் வெளியே வந்தது. ஆலைத் தொழிலாளர்கள் இழப்பீட்டுக்காகப் போராடினார்கள், பேச்சுவார்த்தையில் ஏதோ கிடைத்தது. அந்தக் காரை ஏற்றி ஓட்டிய டிரைவர்களைப் பற்றி எந்தப் பேச்சுவார்த்தையிலும் யாரும் பேசவில்லை. அடுத்தது ரயில். வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் கார் ஏற்றும் வேலை பல வருஷமாக நடக்கிறது. இரண்டு தட்டு வேகன்கள் கொண்ட ஒரு முழு ரேக்கில் 318 கார் போகும். அது நாற்பது கேரியர் செய்யும் வேலை. மாருதி தன் குஜராத் ஆலைக்குள்ளேயே 2024இலும் மானேசரில் 2025இலும் ரயில் பாதை போட்டுவிட்டது, இப்போது அதன் கார்களில் நாலில் ஒரு பங்குக்கு அருகில் ரயிலில் போகின்றன. நாட்டுக்கு இது நல்லதுதான், டீசல் மிச்சம், ரோட்டில் நெரிசல் குறையும். ஆனால் ரயில் முதலில் எடுத்துக்கொள்வது டெல்லி, கவுஹாத்தி போன்ற நெடுந்தூர ஓட்டத்தை. கிலோமீட்டர் கணக்கில் பேட்டா வாங்கும் டிரைவருக்குக் காசு நின்றதே அந்த ஓட்டத்தில்தான். அவருக்கு மிஞ்சுவது ரயில் நிலையத்திலிருந்து ஷோரூம்வரை போகும் குறுக்கு ஓட்டம். அதிலும் ஏற்றும் வேலையும் இறக்கும் வேலையும் கீறல் பயமும் அதே அளவுதான், கிலோமீட்டர் மட்டும் குறைவு. இருபது வயதுப் பையனை முப்பது வருஷத்துக்கு ஒரு தொழிலுக்குள் அனுப்புகிறவர் இதைச் சொல்லாமல் விடுவது எப்படி நேர்மை ஆகும்?

சோம்பேறி என்ற பேச்சுக்கு வருகிறேன். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில் பாறையைக் குடைந்து கோவில் எடுத்த ஊரின் பிள்ளைகள் உழைக்க அஞ்சலாமா என்று கட்டுரையாளர் கேட்கிறார். தளவானூர் சத்ருமல்லேசுவரம் எங்கள் ஊரின் பெருமை, அதில் சந்தேகமில்லை. அங்கே உள்ள கல்வெட்டு குடைவித்த அரசனின் பேரைத்தான் சொல்கிறது. உளி பிடித்தவர்களுக்கு என்ன கூலி, எத்தனை பேர் கண் போனது, எத்தனை பேர் நெஞ்சில் கல்தூசி அடைத்துச் செத்தார்கள் என்று அதை வைத்து யாரும் சொல்ல முடியாது. அந்தக் கோவிலைக் காட்டி இன்றைய பையனை வெட்கப்படுத்துவது அரசன் பக்கம் நின்று பேசுவது. எங்கள் பிள்ளைகள் விடிகாலை நாலு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் செய்யாறு சிப்காட்டுக்கும் போய்விட்டு இருட்டியபின் திரும்புகிறார்கள். காண்டிராக்ட் முடிந்தால் வந்து கடலை பிடுங்குகிறார்கள், நெல் மூட்டையைச் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகிறார்கள். அவர்களில் யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதை நான் பார்க்கவில்லை. கேரியர் வேண்டாம் என்று ஒரு பையன் சொன்னால், அவன் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஓட்டிய ஒருவரைப் பார்த்து யோசித்திருக்கிறான் என்று அர்த்தம். அதை விவேகம் என்று சொல்ல வேண்டும்.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓட்டப் பிடிக்கிறவன், பொறுமையுள்ளவன், கண்பார்வை நன்றாக உள்ளவன் போகட்டும். நல்ல கேரியர் டிரைவருக்கு இந்தத் தொழிலில் ஒரு மரியாதை உண்டு, நானே அதை அனுபவித்திருக்கிறேன். ஆனால் லைசென்ஸ் எடுத்த கையோடு போகக் கூடாது. இரண்டு வருஷமாவது சாதாரண லாரியில் கை பழகட்டும். பிறகு அனுபவமுள்ள டிரைவரோடு இரண்டாம் ஆளாகப் போய், ஏற்றவும் இறக்கவும் பெல்ட் போடவும் கற்றுக்கொள்ளட்டும். செல்போன் இப்போது எல்லார் கையிலும் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு காரையும் நாலு பக்கமும் படம் எடுத்து வைக்கட்டும், அதற்கு நேரம் தராத யார்டில் கையெழுத்துப் போடக் கூடாது. அமைப்புசாரா ஓட்டுநர் நலவாரியத்தில் பேரைப் பதிந்து கொள்ளட்டும்.

கட்டுரையாளர் அடுத்து ஒரு வேலைவழி முகாம் நடத்தப்போவதாக அறிவித்திருக்கிறார், கம்பெனிக்காரர்களும் வருகிறார்களாம். நல்லது. மேடையில் அவர்களை உட்கார வைத்துவிட்டுப் பையன்கள் முன்னால் இந்தக் கேள்விகளை அவரே கேட்கட்டும். சேதத்துக்குப் பிடிப்பதானால் அதற்கு முன் விசாரணை உண்டா, கீறல் காப்பீட்டில் வருமா, டிரைவர் தலையில் வருமா? சம்பளச் சீட்டில் எவ்வளவு, பேட்டாவாக எவ்வளவு? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? டிரைவருக்குத் தனி விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா, அதன் தாளைக் காட்ட முடியுமா? யார்டில் லோடுக்காக நிற்கும் நாளுக்கு எவ்வளவு தருவீர்கள்? நெடுந்தூரத்துக்கு இரண்டு டிரைவரா, ஒருவர்தானா? பதிலை எழுத்தில் வாங்கி, அடுத்த இதழில் அப்படியே அச்சடிக்கட்டும்.